அறிவுசார் பொருளாதாரமும் எத்தாளையின் இளைஞரும்: தொழிற்கல்வி பற்றிய ஒரு நோக்கு

1

அண்மைக் காலமாக நமது நாட்டின் கல்விபற்றிய விவாதங்களில் ‘அறிவுசார் பொருளாதாரம்’ என்னும் தொடர் இடையறாது எடுத்தாளப்பட்டு வருகின்றது. அத்தகையதொரு பொருளாதாரத்தின் தொழில்களுக்கேற்ப இளைஞரைத் தயார்செய்தலே கல்வியின் தலையாய பணி என்பது, அரசாங்கங்கள் மாறிய போதிலும் மாறாத கூற்றாக நிலைபெற்றுவிட்டது. இக்கூற்றின் வரலாற்றுப் பின்னணியையும் வர்க்க உள்ளடக்கத்தையும், புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமமான எத்தாளையை மனங்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இத்தொடரின் பிறப்பினை நோக்குதல் தகும். அறிவின் உற்பத்தியை ஒரு பொருளாதாரத் துறையாகக் கணக்கிட்டு 1962இல் நூலெழுதியவர் அமெரிக்கப் பொருளியலாளரான பிறிற்ஸ் மக்லப். 1969இல் பீற்றர் ட்றக்கர் ‘அறிவுப் பொருளாதாரம்’ என்னும் கருத்தினை முகாமையாளரிடையே பரப்பினார். 1996இல் செல்வந்த நாடுகளின் அமைப்பாகிய பொருளாதாரக் கூட்டுறவுக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் அதனைத் தனது அறிக்கையொன்றின் தலைப்பாகவே ஆக்கிற்று. இலங்கையில், 2010இல் வெளியிடப்பட்ட அரசாங்கக் கொள்கைத் திட்டம் நாட்டை ஐவகை மையங்களாக உயர்த்தப்போவதாகக் கூறியபோது அவற்றுள் ஒன்றாக ‘அறிவு மையம்’ இடம்பெற்றது. தொடர்ந்து உலக வங்கியின் கடனுதவியுடன் நடைபெற்ற பாடசாலைக் கல்வித் திட்டமும் அப்பெயரையே தாங்கி வந்தது.

இத்தொடரினுள்ளே ஓர் எடுகோள் மறைந்து கிடக்கின்றது. இப்போதுதான் அறிவுசார்ந்த பொருளாதாரம் தோன்றுகின்றது எனின், இதுவரை இருந்தவை அறிவு சாராதவை என்றாகும். காற்றின் திசையும் நீரோட்டமும் மீனினத்தின் பருவமும் அறியாது எவரும் கடலிற் சென்று மீண்டதில்லை. நெய்தற்றிணையைக் கற்பிக்கும் நாமும் அத்திணைக்குரிய மாந்தரின் இரங்கலைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவர்தம் தொழிலறிவைப் பற்றிப் பேசியதில்லை. எல்லா உற்பத்தியும் அறிவினடியாகவே நிகழ்கின்றது. ஆகவே வினவப்பட வேண்டியது, பொருளாதாரம் அறிவுசார்ந்ததா அன்றா என்பதன்று. அவ்வறிவு யாருடைய கையில் இருக்கின்றது, யாருக்கு எந்த அளவு வழங்கப்படுகின்றது என்பதேயாம்.

2

எத்தாளை, நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் குடாநாட்டில் அமைந்துள்ளது. குடாநாட்டின் ஒருபுறம் கடல். மறுபுறம் புத்தளம் களப்பு. மீன்பிடி, தென்னை, மணற்றரையில் நீரிறைத்துச் செய்யும் தோட்டச்செய்கை ஆகியனவே இப்பகுதியின் மரபுவழி வாழ்வாதாரங்கள். வெங்காயம், மிளகாய், பீற்றூட், புகையிலை முதலியன இங்கிருந்து சந்தைக்குச் செல்கின்றன.

இப்பிரதேசத்தின் உழைப்புச் சந்தையைக் கடந்த நாற்பதாண்டு நிகழ்ச்சிகள் பெரிதும் மாற்றியமைத்துள்ளன. 1980களில் களப்புக் கரைகளிலே இறால் வளர்ப்பு விரிவடைந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் (இவர்தம் தொகை ஏறத்தாழ 75,000 எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது) பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். நிலத்தையும் படகையும் கடையையும் இழந்து வந்த இவர்களுட் பலர் தோட்டங்களிலே நாட்கூலிகளாயினர். உள்ளூர்க் கூலியாளர் அதே வேலைக்கு அவர்களோடு போட்டியிட நேர்ந்தது. மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லல் பல குடும்பங்களின் வழியாயிற்று. 2011இல் நுரைச்சோலையில் நிலக்கரி அனல்மின் நிலையத்தின் முதலாவது அலகு இயங்கத் தொடங்கிற்று. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற்றுக் கொள்ளளவைப் பெற்றன. கற்பிட்டியைச் சூழ்ந்து உல்லாசப் பயணத்துறையும் வளர்ந்துள்ளது.

எனவே இக்குடாநாடு நவீன பொருளாதாரத்துக்குப் புறம்பானதன்று. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் இங்கேதான் நிற்கின்றது. ஏற்றுமதிக்குரிய இறாலும் அந்நியச் செலாவணிக்குரிய பெண்ணுழைப்பும் இங்கிருந்தே சென்றுள்ளன. இவ்வளவு முதலீட்டின் நடுவே பிறந்த இளைஞன் ஒருவன் அம்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அமரத்தக்கவனாக வளர்க்கப்படுகின்றானா, அன்றி அதன் வெளிவேலைகளுக்கு ஆளாக வளர்க்கப்படுகின்றானா என்பதே கல்விபற்றிய உண்மையான வினாவாகும்.

3

இளைஞரைத் ‘தொழிலுக்குத் தயார்செய்தல்’ என்னும் கோரிக்கை இலங்கையில் ஒரு நீண்ட வரலாறு உடையது. 1930களில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவின் பெயரால் வழங்கிய கிராமியக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்துத் தொழில்களையொட்டிய கல்வியை வழங்க முற்பட்டது. அதே காலத்தில் நகரத்து ஆங்கிலப் பாடசாலைகள் எழுதுவினைஞரையும் வழக்கறிஞரையும் மருத்துவரையும் உருவாக்கிக் கொண்டிருந்தன. அத்திட்டம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1943இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கை, இலவசக் கல்வி என்னும் மாபெரும் ஜனநாயக உரிமைக்கு வழிவகுத்தது. 1945 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. எனினும் அதே அறிக்கை, ஆரம்பக் கல்விக்குப் பின் மாணவரை மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்புவதையும் விதந்துரைத்திருந்தமை மறக்கப்படலாகாது. அப்பாகுபாடு முழுமையாக நிறைவேறவில்லை. மத்திய மகாவித்தியாலயங்களே மக்கள் நினைவில் நின்றன.

1971 ஏப்ரலில் கிராமத்துச் சிங்கள இளைஞரின் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, இலங்கையின் வேலையின்மைபற்றித் தன் அறிக்கையை வெளியிட்டது. கற்றோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்குமிடையிலான பொருத்தமின்மை அவ்வறிக்கையின் மையக் கருத்துகளுள் ஒன்று. பொருளாதார அமைப்பின் குறைபாடுகளையும் அவ்வறிக்கை விரிவாகவே பேசிற்று. ஆயினும் பொருளாதாரத்தை மாற்றுவதிலும் பாடவிதானத்தை மாற்றுவது எளிது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. பாடசாலை அமைந்த சூழலின் தொழில்களிலிருந்து அப்பாடங்கள் தெரிவுசெய்யப்படுதல் வேண்டும் என்பது கொள்கை. அதன்படி மீனவர் பிள்ளைக்கு மீன்பிடியும் தோட்டக்காரர் பிள்ளைக்குத் தோட்டமும் பாடமாயின.

பெற்றோர் பலர் இதனை விரும்பவில்லை. ‘வெள்ளைச்சட்டை மோகம்’ என்று இதனை ஏளனம் செய்வது அக்காலத்துக் கல்வியாளர் சிலருக்கு வழக்கமாயிற்று. ஆயின் தொழில் சாதியோடு பிணைந்து கிடந்த ஒரு சமூகத்தில், தந்தையின் தொழிலையே பாடசாலையும் கற்பிக்க முற்பட்டால், அப்பிள்ளை பிறப்பினின்றும் வெளியேறும் ஒரே வாயிலும் அடைபடுகின்றது எனப் பெற்றோர் அஞ்சியதில் தவறில்லை. பிலிப் பொஸ்ரர் 1965இல் கானா நாட்டுக் கல்வியை ஆராய்ந்து கூறியதும் இதனையொத்ததே. ஏட்டுக்கல்விக்கு உழைப்புச் சந்தை கூடிய வெகுமதி வழங்கும் வரையில், அதனை நாடுவது மூடத்தனமன்று. நன்கு கணித்த முடிவேயாகும்.

எனினும் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை முற்றாக நிராகரித்தல் வரலாற்று நோக்காகாது. அதே சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை வகுப்புகளில் எல்லா மாணவருக்கும் பொதுவான பாடவிதானத்தை வகுத்தது. விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் அனைவருக்கும் கட்டாய பாடங்களாக்கிற்று. அதுவரை விஞ்ஞானத்தின் வாசனையே அறியாதிருந்த கிராமப் பாடசாலைகளுக்கு அது புகுந்தமை ஒரு முற்போக்கான அடியாகும். ஆக, ஒரே சீர்திருத்தத்தினுள்ளே இருவேறு போக்குகள் மோதின: பிள்ளையை அவன் பிறந்த தொழிலோடு கட்டிவைப்பது ஒன்று, எல்லோருக்கும் பொதுவான அறிவை வழங்குவது மற்றொன்று. 1977க்குப் பின்னர் அச்சீர்திருத்தத்தின் பெயர்களும் பரீட்சைகளும் மாற்றப்பட்ட போதிலும் இம்முரண்பாடு தீர்க்கப்படவில்லை.

பின்வந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் வழி மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு நிறுவப்பட்டது. 2004இல் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் உருவாயிற்று. 2008இல் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் வந்தது. 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. 2017இல் பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் ஆரம்பமாயிற்று. இவை ஒவ்வொன்றும் பயனுடையனவே. ஆயின் வேலையின்மை தலைதூக்குந்தோறும் குற்றம் இளைஞனின் ‘திறன் குறைபாட்டின்’ மீதே சுமத்தப்படுவதை இவ்வரலாறு காட்டுகின்றது.

4

மார்க்ஸ் 1866இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் ஜெனீவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு வரைந்த அறிவுறுத்தலில், தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உளக்கல்வி, உடற்கல்வி, தொழினுட்பக்கல்வி ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டுமென்றார். அவர் கருதிய தொழினுட்பக்கல்வி ஒரு குறித்த தொழிலுக்கான பழக்கமன்று. எல்லா உற்பத்திமுறைகளுக்கும் அடிப்படையான பொதுத் தத்துவங்களை விளங்கிக்கொள்வதும், எல்லாத் தொழில்களின் எளிய கருவிகளையும் கையாளப் பழகுவதுமே அது. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ஆய்வு, ஏகபோக மூலதனத்தின் வளர்ச்சியோடு வேலையைத் திட்டமிடும் அறிவு தொழிலாளரிடமிருந்து பிரிக்கப்பட்டு முகாமையிடம் குவிக்கப்படுவதையும், செய்கை மட்டுமே தொழிலாளரிடம் எஞ்சுவதையும் விளக்கிற்று. ஒரு பொருளாதாரம் ‘அறிவுசார்ந்ததாக’ ஆகுந்தோறும் அதில் உழைக்கும் ஒவ்வொருவரும் அறிவுடையோராவர் என்ற நம்பிக்கையை இவ்வாய்வு கேள்விக்குள்ளாக்குகின்றது.

அந்தோனியோ கிராம்ஸ்சி தமது சிறைக்குறிப்புகளிலே தொழிற்பாடசாலைகளின் பெருக்கம்பற்றிக் கூறியதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஏற்ற பாடசாலையை வழங்குதல் மேலெழுந்தவாரியாக ஜனநாயகம் போலத் தோன்றினும், வர்க்க வேறுபாட்டை நிலைநிறுத்துவதே அதன் விளைவு என்பது அவர் கருத்து. தொழிலாளியைத் திறனுள்ள தொழிலாளியாக்குவது மட்டும் ஜனநாயகமாகாது. ஆளுந் தகுதியை ஒவ்வொருவரும் பெறக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

5

இதனை எத்தாளை போன்ற ஓர் ஊரின் நீரைக் கொண்டே விளக்கலாம். கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், மணலின் கீழே உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லியதொரு வில்லைபோற் கிடக்கின்றது. உவர்நீர் நன்னீரிலும் அடர்த்தி கூடியது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நிற்பின், அதன் கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கக்கூடும் என்பது இதுபற்றிய பொதுவிதி. இதன் மறுதலையும் உண்மையே. அளவின்றி இறைத்து நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலெழும்.

மற்றொன்று பசளை பற்றியது. மணற்றரை பசளையைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைந்தது. இடப்பட்ட யூரியாவின் நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீரோடு கீழிறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. 1980கள் தொடக்கம் இக்குடாநாட்டின் நிலத்தடி நீர்பற்றி நடைபெற்ற ஆய்வுகள், செறிவான செய்கை நிகழும் இடங்களில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியிருப்பதை எடுத்துக்காட்டின. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அவ்வெல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மீறிய நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தைகளின் குருதி, ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்க நேரிடலாம்.

இங்கே இளைஞன் ஒருவனுக்கு என்ன கற்பிக்கப்பட வேண்டும்? நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருத்தப் பயிற்றிச் சான்றிதழ் வழங்கலாம். அது பயனுள்ள பயிற்சிதான். அவனுக்குக் கூலியும் கிடைக்கும். ஆயின் எவ்வளவு நீரை இறைக்கலாம், எவ்வளவு பசளை இடலாம், கிணற்று நீரில் என்ன இருக்கின்றது என்னும் வினாக்கள் அச்சான்றிதழின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு இரசாயனமும் பௌதிகமும் புவியியலும் கணிதமும் வேண்டும். அவ்வறிவு பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் இருக்கின்றது. பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களில் அச்சேறுகின்றது. கிணறு யாருடையதோ, நீரைக் குடிப்பவர் யாரோ, அவரிடம் அது வந்து சேர்வதில்லை. பிறேவர்மன் தொழிற்சாலையிற் கண்ட பிரிவு இங்கே ஒரு கிராமத்தின் கிணற்றடியில் நிகழ்கின்றது.

நைத்திரேற்றின் அளவை அறியும் சோதனை, உயர்தர இரசாயனம் கற்கும் மாணவனுக்கு எட்டாத வித்தையன்று. குடாநாட்டின் மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளைப் பருவந்தோறும் சோதித்துப் பதிவுசெய்வராயின், அது பாடமாகவும் இருக்கும், உற்பத்தியோடு பிணைந்த உழைப்பாகவும் இருக்கும், ஊரவர் கையில் ஆயுதமாகவும் இருக்கும். மார்க்ஸ் கருதிய தொழினுட்பக்கல்விக்கு இதனிலும் அண்மையதொரு சான்று தேவையில்லை.

6

இதற்கான நிலைமைகள் உளவா என்பதே அடுத்த வினா. இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் நால்வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவையும் கொண்டவை 1 ஏபி வகையின. கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பவை 1 சி வகையின. ஏனைய இரு வகைகளில் உயர்தர வகுப்பே இல்லை. நாட்டிலுள்ள ஏறத்தாழ பத்தாயிரம் பாடசாலைகளுள் 1 ஏபி வகையின பத்தில் ஒன்றளவே. கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவில் ‘குவிவது’ அவனது விருப்பத்தால் என்பர். அவனது பாடசாலையில் வேறு பிரிவு இல்லை என்பதே பல இடங்களில் உண்மைக் காரணம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தேசியத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுவது நீண்டகால நடைமுறை. பின்தங்கியனவாகக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. ஆயின் மாவட்டம் என்பது ஒருமைத்தன்மை வாய்ந்த அலகன்று. மாவட்டத்துக்குரிய இடங்களை நகரப் பாடசாலைகள் பெறுவது எளிது. கரையோரத் தமிழ்மொழிப் பாடசாலைகள் பெறுவது அரிது. பின்தங்கியோருக்கான சலுகையினுள்ளும் வர்க்கமும் மொழியும் தொழிற்படுகின்றன.

மொழிபற்றித் தனியே கூறவேண்டும். நீர்கொழும்பு தொடங்கி வடக்கே நீளும் இக்கரையோரத்தில் தமிழ் பேசிய மீனவக் கத்தோலிக்கருட் பெருந்தொகையினர், பாடசாலையின் மொழி சிங்களமாக மாறியதையடுத்துச் சில தலைமுறைகளுக்குள் சிங்களம் பேசுவோராயினர். தாய்மொழியில் முன்னேற வாயிலில்லாதவிடத்து மக்கள் மொழியையே மாற்றிக்கொள்வர் என்பதற்கு இது சான்று. சிங்களம் கற்றல் இழிவன்று. அது இந்நாட்டில் இன்றியமையாததுமாகும். ஆங்கிலமும் அவ்வாறே. ஆயின் வேறொரு மொழியைக் கற்கும்வரை விஞ்ஞானத்துக்குக் காத்திருக்குமாறு ஒரு பிள்ளையைப் பணிப்பது, அவனை நிரந்தரமாக வெளியே நிறுத்துவதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1950களிலும் 60களிலும் நமது முன்னோர் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கினர். அப்பணியைத் தொடர்ந்திருக்க வேண்டியவர் நாமே.

7

‘பசித்த குடும்பத்துக்கு இன்று வேலை வேண்டும், பொது அறிவு பின்னர் ஆகட்டும்’ என்று வாதிப்போர் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்பின் நாட்டைவிட்டு வெளியேற வரிசையில் நின்ற இளைஞரை நாம் அனைவரும் கண்டோம். குறுகிய காலப் பயிற்சியொன்று ஒருவனது நாட்கூலியை உயர்த்துமாயின் அதனை மறுக்கும் உரிமை, மாதச் சம்பளம் பெறும் ஆய்வாளருக்கு இல்லை. ஏட்டுக்கல்வி தானாகவே விடுதலை தருவதென்றும் கூறுவதற்கில்லை. றொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட நூலில் இலங்கையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கியவாறு, சான்றிதழுக்கான ஓட்டம் கற்றலையே அழித்துவிடக் கூடியது.

எனினும், பயிற்சி வேலையைப் படைப்பதில்லை என்பதே 1971இன் படிப்பினை. வேலை குறைவாயிருக்கப் பயிற்றப்பட்டோர் தொகை மட்டும் கூடின், கூலி வீழும், பயன் முதலாளிக்கே. குறுகிய பயிற்சி பெற்றவன் அத்தொழில்நுட்பம் வழக்கிழந்ததும் மீண்டும் பயிற்சியற்றவனாகின்றான். பொதுத் தத்துவங்களை அறிந்தவனே புதியதைக் கற்கவும், தன்னை ஆள்வோரைக் கேள்வி கேட்கவும் வல்லவன்.

ஆதலின் நாம் வற்புறுத்த வேண்டியவை நான்கு. முதலாவது, குடாநாட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் சென்றுவரத்தக்க தூரத்தில், ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள உயர்தர விஞ்ஞான, தொழினுட்பப் பிரிவுகள் தமிழ்மொழியிற் கிடைத்தல் வேண்டும். இரண்டாவது, தொழிற்றகைமைச் சட்டகத்தின் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது என்பது ஏட்டளவில் நின்றுவிடாது, நான்காம் மட்டத்துச் சான்றிதழ் பெற்ற இளைஞனும் யுவதியும் தம் மொழியிலேயே மேலேறிச் செல்லத்தக்க படிகள் அமைதல் வேண்டும். மூன்றாவது, மின்நிலையமும் உல்லாச விடுதிகளும் இறாற்பண்ணைகளும் இப்பிரதேசத்தின் நிலத்தையும் நீரையும் பயன்படுத்துகின்றன. ஆகவே கூலிவேலைகளில் மட்டுமன்றித் தொழினுட்பப் பதவிகளிலும் இப்பிரதேச இளைஞருக்கு இடமளித்தல் அவற்றின் கடப்பாடாக்கப்படல் வேண்டும். நான்காவது, மீனையும் காய்கறியையும் பச்சையாக விற்றுவிடாது பதனிட்டு விற்கும் கூட்டுறவுத் தொழில்கள் ஊரிலேயே எழுதல் வேண்டும். அவையின்றேல் கற்றவன் ஊரைவிட்டகல்வதே விதியாகும்.

இவற்றுள் முதல் மூன்றும் அரசின் மீதான கோரிக்கைகள். அவை மக்கள் அமைப்புகளின் போராட்டத்தால் மட்டுமே கைகூடும். நான்காவதற்கு ஊரவரின் கூட்டுமுயற்சியும் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களாகிய நாம் உடனடியாகத் தொடங்கத்தக்க பணியொன்றும் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் நீரும் மண்ணும் களப்பும் பற்றி ஆங்கிலத்தில் உறங்கும் ஆய்வுகளை, பத்தாந்தர மாணவனும் தோட்டக்காரரும் படித்துணரத்தக்க தமிழில் எழுதி வெளியிடுவதே அப்பணி. இலக்கியம் கற்போரும் விஞ்ஞானம் கற்போரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டிய வேலை இது. அதன் முதற் பிரதி எத்தாளைப் பாடசாலையின் வாசிகசாலையைச் சேர்தல் வேண்டும்.